சுவரும் முற்றமும்: பேர்லினில் ஓர் அரசாங்கக் கட்டடம்

அரசாங்கம் ஒன்று தன் பழைய காரியாலயக் கட்டடத்தைத் திருத்தியமைக்க முனையும்போதெல்லாம் ஒரு வாக்குறுதி தவறாது வழங்கப்படுவதைக் காண்கிறோம். கட்டடத்தின் பண்பு கெடாமல் அது புதுப்பிக்கப்படும் என்பதே அவ்வாக்குறுதி. இதனை மறுத்துரைப்பார் எவருமிலர். ஆயின், பண்பு என்று இங்குக் குறிக்கப்படுவது யாது? தூண்களின் வரிசையா, கூரையின் சாய்வா, படிக்கட்டின் கைபிடியா? கோயிலையோ அரண்மனையையோ பொறுத்தவரையில் இவ்வினாவுக்கு ஓரளவு எளிதில் விடை கூறிவிடலாம். காரியாலயம் அத்தகையதன்று. ஆட்சி என்னும் அருவமான பொருள், மேசையும் கோப்பும் முத்திரையுமாக உருவம் பெற்று மக்களை எதிர்கொள்ளும் இடம் அது. அங்கே எழுதப்படும் ஒரு வரி, தொலைவிலுள்ள ஊரொன்றில் ஒரு குடும்பத்தின் அடுப்பை எரியச் செய்யவும் கூடும், அணைத்துவிடவும் கூடும். ஆகவே, காரியாலயக் கட்டடம் ஒன்றின் பண்பைப் பேணுதல் கட்டடக்கலைஞருக்கும் பொறியியலாளருக்கும் மாத்திரம் உரிய விடயமாகாது. கடந்த காலத்தை ஒரு சமுதாயம் எவ்வாறு நினைவுகூர விரும்புகிறது என்னும் வினா அதனுள் அடங்கியுள்ளது.

இவ்வினாவை ஆராய்வதற்குப் பேர்லின் நகரில் வில்ஹெல்ம் வீதியும் லைப்சிக் வீதியும் சந்திக்கும் மூலையிலுள்ள பெருங்கட்டடம் ஒன்று சிறந்த எடுத்துக்காட்டாகும். இன்று அது ஜேர்மன் கூட்டாட்சிக் குடியரசின் நிதியமைச்சாக விளங்குகிறது. 1935க்கும் 1936க்கும் இடையில் எழுப்பப்பட்ட இக்கட்டடம் ஒரு நூற்றாண்டு நிறைவெய்துமுன்னரே நாஸி ஆட்சியையும், சோவியத் படையினரின் ஆட்சியையும், ஜேர்மன் ஜனநாயகக் குடியரசையும், இன்றைய கூட்டாட்சியையும் தன் அறைகளிலே இருத்திக்கொண்டது. ஆட்சிகள் மாறின, கதவிலக்கங்கள் ஏறத்தாழ அப்படியே இருந்தன. இத்தகைய கட்டடத்தில் எந்தப் பண்பைப் பேணுவது?

முதலில் கட்டடத்தையே நோக்குவோம். ஏர்ன்ஸ்ற் சாகெபீல் என்னும் கட்டடக்கலைஞர், கோரிங்கின் விமானப்படை அமைச்சுக்கென இதனை வரைந்தார். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட அறைகள். ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர் நீளமான நடைவழிகள். இவ்வளவு பெரிய கட்டடம் இரண்டு ஆண்டுகளுள் எழுந்ததற்குக் காரணம் அதன் எலும்புக்கூடு கொங்கிறீற்றால் ஆனமையே. அந்த எலும்புக்கூட்டின்மேல் மெல்லிய சுண்ணக்கற் பலகைகள் போர்த்தப்பட்டன. உள்ளே இருப்பது இருபதாம் நூற்றாண்டின் பொறியியல். வெளியே தெரிவது என்றென்றும் நிற்கப்போவதுபோல் காட்டப்பட்ட கல்லாட்சி. ஒரே அளவான சாளரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படைவரிசைபோல் நீளுகின்றன. வாயிலண்டை வந்து நிற்கும் மனிதன் தன் சிறுமையை உணரவேண்டும் என்பதே இவ்வமைப்பின் நோக்கமெனின் அது மிகையாகாது. இங்கு வடிவமும் கருத்தும் வேறுவேறல்ல. ஆட்சியின் உள்ளடக்கமே கல்லின் ஒழுங்காக வெளிப்பட்டிருக்கிறது.

அந்த உள்ளடக்கம் யாதெனவும் நாம் அறிவோம். 1937 ஏப்ரல் 26ஆம் திகதி ஸ்பெயினின் கேர்ணிக்கா நகரைத் தரைமட்டமாக்கிய கொண்டோர் படைப்பிரிவு, இவ்வமைச்சின் ஆட்சிக்குட்பட்ட விமானப்படைக்குரியது. 1938 நவம்பரில் யூதரின் வீடுகளும் கடைகளும் வழிபாட்டிடங்களும் நாடெங்கும் சூறையாடப்பட்டபின், அம்மாதம் 12ஆம் திகதி கோரிங் இக்கட்டடத்திலேயே ஒரு மகாநாட்டைக் கூட்டினான். நட்டஈடு யாருக்கு எவ்வளவு என்பது பற்றி அங்கு பேசப்பட்டது. முடிவில், சூறையாடப்பட்டவர்களே நூறு கோடி மார்க் தண்டப்பணம் செலுத்தவேண்டும் எனத் தீர்மானிக்கப்பட்டது. கொலையும் கொள்ளையும் வீதியில் நடந்தன. அவற்றுக்குச் சட்ட வடிவம் தந்தது கந்தோர். காரியாலயக் கட்டடத்தின் பண்பு பற்றிப் பேசுவோர் இந்த ஒரு நாளை மறத்தலாகாது.

அதே நடைவழிகளில் இன்னொரு மனிதனும் நடந்தான். ஹரோ ஷூல்ற்ஸ-போய்சன் என்னும் அதிகாரி இவ்வமைச்சிற் பணியாற்றியவாறே நாஸி எதிர்ப்பு இயக்கமொன்றிற் பங்குகொண்டு, சோவியத் நாட்டின்மீது தாக்குதல் ஆயத்தமாவதை அறிவித்தவன். 1942 ஓகஸ்ட் மாத இறுதியிற் கைது செய்யப்பட்டு, டிசெம்பர் 22ஆம் திகதி மனைவி லிபெற்றாஸுடன் கொல்லப்பட்டான். கட்டடத்தை எழுப்பியோரின் எண்ணத்துக்கு மாறான வரலாறும் அதனுள்ளேயே உருவாகிறது என்பதற்கு அவன் வாழ்வு சான்று. ஆகவே, இக்கட்டடத்தை நாஸிக் கட்டடம் என்று மாத்திரம் கூறுவதும் முழு உண்மையாகாது.

போரில் பேர்லின் நகரின் நடுப்பகுதி இடிபாடாயிற்று. விமானப்படையின் தலைமை அமைச்சோ பெருஞ் சேதமின்றித் தப்பிற்று. கூரையுள்ள கட்டடங்கள் அரிதாயிருந்த நகரில் புதிய ஆட்சி அதனைப் பயன்படுத்தியதில் வியப்பில்லை. 1949 ஒக்டோபர் 7ஆம் திகதி ஜேர்மன் ஜனநாயகக் குடியரசு இக்கட்டடத்திலேயே பிரகடனம் செய்யப்பட்டது. பின்னர் இது அமைச்சுகளின் இல்லம் எனப் பெயர் பெற்றது. கழுகுகளும் சுவஸ்திகங்களும் அகற்றப்பட்டன. லைப்சிக் வீதியை நோக்கிய தூண்மண்டபத்தின் சுவரில், அணிவகுத்துச் செல்லும் படைவீரரைக் காட்டும் புடைப்புச் சிற்பமொன்று இருந்தது. அதன் இடத்தில் மக்ஸ் லிங்னர் என்னும் ஓவியர் வரைந்த பெருஞ்சுவரோவியம் ஒன்று மைசன் பீங்கான் ஓடுகளிலே தீட்டப்பட்டுப் பதிக்கப்பட்டது. 1950இல் தொடங்கிய வேலை 1953 தொடக்கத்தில் நிறைவெய்தியது.

லிங்னர் சாதாரண ஓவியரல்லர். பிரான்சில் இருபதாண்டுகள் வரையில் வாழ்ந்து, முற்போக்குப் பத்திரிகைகளுக்கு வரைந்து, அந்நாட்டுத் தொழிலாளரின் முகங்களை உள்ளத்தைத் தொடும் எளிய கோடுகளிற் பதிவு செய்தவர். அவருடைய முதல் வரைவுகளைத் தலைமைப் பீடம் ஏற்கவில்லை. பிரதம மந்திரி குரோற்றவோலின் தலையீட்டால் அவை மீண்டும் மீண்டும் திருத்தப்பட்டன. இறுதியில் சுவரில் நிலைபெற்ற ஓவியத்தில் தொழிலாளி, உழவன், பொறியியலாளன், நீலச்சட்டை இளைஞர் யாவரும் புன்னகை பூத்தவாறு முன்னேறுகின்றனர். கொடிகள் பறக்கின்றன. குறையென்று சொல்ல ஒன்றுமில்லை. அதுவே அதன் பெருங்குறை. ஓவியத்திலுள்ள எவரும் களைப்படையவில்லை. எவருக்கும் கேள்வி எழவில்லை. படைவீரர் அணிவகுத்த சுவரில் இப்போது மக்கள் அணிவகுக்கின்றனர். கருத்து மாறிற்று, அணிவகுப்பு மாறவில்லை. சமுதாய நோக்குடைய கலையை வேண்டிநிற்போர் இச்சுவரின் முன் சற்று நின்று சிந்தித்தல் தகும். யதார்த்தம் என்பது தலைமைப் பீடம் காண விரும்பும் உலகன்று. உழைப்பவன் தன் உழைப்போடு கொள்ளும் உறவின் இன்பத்தையும் துன்பத்தையும் முரண்பாட்டையும் ஒருங்கே காட்டுவது அது. அந்த ஆற்றல் லிங்னருக்கு இருந்தது. அதனை வெளிப்படுத்த அவருக்கு இடமளிக்கப்படவில்லை.

ஓவியம் நிறைவெய்தி ஆறு மாதங்கள் செல்லுமுன்னரே அதன் கதைமாந்தர் நேரில் வந்தனர். 1953 மே மாதத்தில் அரசாங்கம், கூலியை உயர்த்தாமலே வேலை அளவைக் குறைந்தது பத்து வீதத்தால் உயர்த்துவதெனத் தீர்மானித்தது. யூன் 16ஆம் திகதி ஸ்டாலின் பெருவீதியிலே குடிமனைகளைக் கட்டிக்கொண்டிருந்த தொழிலாளர் தட்டுமுட்டுகளை வைத்துவிட்டு ஊர்வலமாகப் புறப்பட்டனர். அமைச்சுகளின் இல்லத்தின் முன் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அமைச்சர் ஃபிரிற்ஸ் செல்பமன் வெளியே வந்து மேசையொன்றின்மேல் ஏறிப் பேச முயன்றார். அவரும் சுரங்கத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கியவரே. நாஸி ஆட்சிக் காலத்தைச் சிறையிலும் வதைமுகாமிலும் கழித்தவர். ஆயினும் கூட்டம் அவர் சொல்லைக் கேட்கவில்லை. வேலை அளவு உயர்வு அன்றே கைவிடப்பட்டது. ஆனால் காலம் கடந்துவிட்டது. மறுநாள் எழுச்சி நாடெங்கும் பரவ, சோவியத் தாங்கிகள் வீதிக்கு வந்தன. குறைந்தது 55 பேர் உயிரிழந்தமை பின்னாளில் உறுதிசெய்யப்பட்டுள்ளது. தொழிலாளரின் பெயரால் ஆண்ட அரசின் வாயிலில், தொழிலாளரின் ஓவியத்துக்கு எதிரே, தொழிலாளர் நின்றனர். இவ்வெழுச்சியில் மேற்குலகின் வானொலிக்கும் பங்குண்டு எனக் கூறி அமைதியடைவோர் உளர். கூலி குறைந்த மனிதனுக்கு அதனை உணர்த்த வானொலி வேண்டியதில்லை.

இனி இக்கட்டடத்தின் அடுத்த அத்தியாயம். மேற்கு ஜேர்மனி யூன் 17ஆம் திகதியை 1954 முதல் தேசிய விடுமுறையாகக் கொண்டாடி வந்தது. கிழக்கின் தொழிலாளருக்காக அங்கே ஆண்டுதோறும் சொற்பொழிவுகள் நிகழ்ந்தன. 1990 யூன் 17ஆம் திகதி, அதே நினைவு நாளிலேயே, கிழக்கு ஜேர்மனியின் மக்கள் சபை பொதுவுடைமைத் தொழிலகங்களைத் தனியார்மயமாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அதனைச் செயற்படுத்திய திறொய்ஹண்ட் என்னும் பொறுப்பாட்சி நிறுவனம் 1991இல் இக்கட்டடத்துக்கு வந்து சேர்ந்தது. ஏறத்தாழ எண்ணாயிரத்து ஐந்நூறு தொழில் நிறுவனங்களும், அவற்றில் உழைத்த நாற்பது இலட்சம் மக்களும் அதன் பொறுப்பில் இருந்தனர். 1994 முடிவில் அது தன் வேலையை முடித்துக்கொண்டபோது அவ்வேலைகளிற் பாதிக்கு மேற்பட்டவை இல்லாதொழிந்தன. இயந்திரங்கள் பழையன, கிழக்கின் சந்தை மறைந்தது, நாணய ஒன்றிப்பு உற்பத்திச் செலவை ஒரேயடியாக உயர்த்திற்று என்னும் காரணங்கள் பொய்யல்ல. ஆயினும் 1993இல் பிஷொஃபரோட பொட்டாசுச் சுரங்கத் தொழிலாளர் உண்ணாவிரதமிருந்தும் தம் சுரங்கத்தைக் காக்க இயலாது போனதற்கு இக்காரணங்கள் மாத்திரம் போதிய விளக்கமாகா. நிறுவனத்தின் தலைவர் டெற்லெவ் றோவெடர் 1991 ஏப்ரல் 1ஆம் திகதி தம் இல்லத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்கொலை கண்டனத்துக்குரியது என்பதில் இருகருத்துக்கு இடமில்லை. 1992இல் கட்டடத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

ஜேர்மனி ஒன்றிணைந்து தலைநகரம் மீண்டும் பேர்லினுக்கு மாறியபோது இக்கட்டடத்தை என்செய்வது என்ற வினா எழுந்தது. ஜனநாயக அரசொன்று கோரிங்கின் மாளிகையிற் குடியிருத்தல் தகுமா, இடித்துவிடுதலே நன்று என வாதிட்டோரும் இருந்தனர். இடமாற்றச் செலவு இருபது ஆயிரங்கோடி மார்க் அல்ல, இரண்டாயிரங்கோடி மார்க்கைத் தாண்டலாகாது என்ற வரையறை இருந்தமையால், உள்ளதைத் திருத்திப் பயன்படுத்துதலே சிக்கனமெனப் பட்டது. 1990களின் பிற்பகுதியில் கட்டடம் புதுப்பிக்கப்பட்டு, 1999இல் நிதியமைச்சு போன் நகரிலிருந்து இங்கு குடிபுகுந்தது. கல்முகம் பேணப்பட்டது, நடைவழிகள் பேணப்பட்டன. லிங்னரின் ஓவியமும் பேணப்பட்டது. நாஸிக் காலத்தின் தூய வடிவத்துக்குக் கட்டடத்தைத் திருப்ப எவரும் முயலவில்லை. இது சிறிய விடயமன்று. பழைய கட்டடத்தைத் திருத்துவோர் பலர், அது பிறந்த நாளின் கோலமே அதன் உண்மைக் கோலம் எனக் கருதி, பின்னர் வந்தவற்றையெல்லாம் சுரண்டியெறிவர்.

இக்கருத்துக்கு எதிராக முதலில் அமைப்புமுறையிற் குரல் எழுப்பியவர்களுள் ஆங்கிலச் சோசலிசக் கவிஞரான வில்லியம் மொறிஸ் முதன்மையானவர். பிரான்சில் வியொலே-லெ-டியூக், சிதைந்த கட்டடத்தை முழுமையான ஓர் இலட்சிய நிலைக்குக் கொணர்வதே திருப்பணி என்று கற்பித்துவந்தார். அத்தகைய முழுமை எக்காலத்திலும் இருந்திராவிடினும் அவருக்குக் கவலையில்லை. மொறிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தோற்றுவித்து இப்போக்கை எதிர்த்தார். ஒவ்வொரு தலைமுறையின் கைவண்ணமும் கட்டடத்தின் வரலாறே. ஒன்றை அழித்து இன்னொன்றைப் பொய்யாகப் புனைதல் ஆகாது என்பதே அவர் கொள்கை. 1964இல் உருவான வெனிஸ் சாசனமும் இதனை ஏற்றுக்கொண்டது. எல்லாக் காலப் பங்களிப்புகளும் மதிக்கப்படல் வேண்டும். ஒரே பாணியை நிலைநாட்டுவது திருப்பணியின் நோக்கமன்று. சமுதாயத்துக்குப் பயன்படும் வண்ணம் கட்டடத்தை உபயோகிப்பது விரும்பத்தக்கது என அது கூறுகிறது. கைவினைஞரின் உழைப்பை மதித்த மனமே மொறிஸைப் பழங்கட்டடங்களின் காவலராக்கியது என்பதை ஈண்டு நினைவுகூர்தல் பொருத்தமாகும்.

ஆயின், அதே பேர்லின் நகரம் வேறிடத்தில் இக்கொள்கையைக் காற்றிற் பறக்கவிட்டது. 1950இல் கிழக்கு ஜேர்மன் அரசு, போரிற் சேதமுற்ற மன்னர் மாளிகையை வெடிவைத்துத் தகர்த்தது. அவ்விடத்தில் 1976இல் திறக்கப்பட்ட குடியரசு மாளிகையில் மக்கள் சபை கூடிற்று. உணவகங்களும் கலையரங்குகளும் பொதுமக்களுக்குத் திறந்திருந்தன. ஒன்றிணைந்த ஜேர்மனி 2006க்கும் 2008க்கும் இடையில் அதனை இடித்தகற்றி, பழைய மன்னர் மாளிகையின் முகப்பைப் புதிதாகக் கட்டி, 2020இல் ஹம்போல்ற் மன்றமெனத் திறந்தது. கல்நார் நச்சு ஒரு காரணமாகக் கூறப்பட்டது. ஆனால் நச்சை அகற்றியபின்னரே கட்டடம் இடிக்கப்பட்டது. அருகிலுள்ள பழைய அரசுப் பேரவைக் கட்டடம் பிழைத்தது. இன்று அங்கே முகாமைத்துவக் கல்லூரி ஒன்று நடைபெறுகிறது. மன்னரின் மாளிகை திரும்பவும் வேண்டப்பட்டது. கோரிங்கின் அமைச்சு பயன்பட்டது. மக்கள் சென்று நடனமாடிய மாளிகை வேண்டப்படவில்லை. எதைப் பேணுவது என்பதைத் தீர்மானிப்பது கலையுணர்வு மாத்திரமன்று என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுமா?

மீண்டும் நிதியமைச்சுக்கு வருவோம். லிங்னரின் ஓவியம் உள்ள தூண்மண்டபத்தின் முன்னேயுள்ள முற்றத்தில் 2000ஆம் ஆண்டு ஒரு நினைவுச் சின்னம் அமைக்கப்பட்டது. வொல்ஃப்காங் றூப்பெல் என்னும் கலைஞர், 1953இல் ஊர்வலம் சென்றோரின் புகைப்படமொன்றைப் பெருப்பித்துக் கண்ணாடியிற் பதித்து, ஏறக்குறைய ஓவியத்தின் அளவிலேயே நிலத்துட் படுக்கவைத்தார். அது தூணாக எழவில்லை; சிலையாக நிற்கவில்லை. அணுகிச் சென்று குனிந்தாலன்றிக் காணவியலாது. அண்மையில் நோக்கின் படம் புள்ளிகளாகச் சிதறுகிறது. சற்று விலகி நோக்கின் முகங்கள் கூடுகின்றன. அம்முகங்களில் லிங்னரின் மாந்தர் முகத்திலுள்ள புன்னகை இல்லை. கைகோத்து விரைந்து நடக்கும் சாதாரண மனிதர் அவர்.

இச்சின்னம் மிக அடக்கமானது, கடந்து செல்வோர் காணாமலே போவர் என்று குறை கூறலாம். அக்குறையில் உண்மை உண்டு. ஆயினும் அதன் சிறப்பு தனித்து நிற்பதில் அன்று, எதிரே உள்ளதோடு அது நடத்தும் உரையாடலில் உள்ளது. சுவரில் அரசு கண்ட தொழிலாளி. நிலத்தில் தெருவிற் கண்ட தொழிலாளி. இரண்டிற்கும் இடையே பார்ப்பவன் நிற்கிறான். ஓவியத்தை அகற்றியிருந்தால் புகைப்படம் வெறும் வெற்றிச் சின்னமாகியிருக்கும். புகைப்படம் இல்லையெனின் ஓவியம் வெறும் அலங்காரமாகவோ ஏளனப் பொருளாகவோ எஞ்சியிருக்கும். இரண்டும் ஒருங்கே இருப்பதனாலேயே ஒன்றன் உண்மையை மற்றது அளக்கிறது. பண்பைப் பேணுதல் என்பதற்கு இவ்வாயிலில் ஒரு பொருள் கிடைத்திருக்கிறது: முரண்பாட்டை மூடிவிடாமல் அதனைக் காணத்தக்க நிலையில் வைத்தல்.

அப்பொருளைக் கட்டடம் முழுவதற்கும் அவர்கள் விரித்தார்களா என்பதே நாம் எழுப்பவேண்டிய இறுதி வினா. 1953இன் தொழிலாளருக்குக் கண்ணாடி உண்டு. 2013இல் முற்றத்துக்கு மக்கள் எழுச்சியின் பெயரும் சூட்டப்பட்டது. 1990களின் தொழிலாளர் நிலை என்ன? அவர்களுடைய ஆலைகளின் விதி எழுதப்பட்டதும் இதே மேசைகளிலேதான். கட்டடத்தின் பெயர், அவ்விதியை எழுதிய நிறுவனத்தின் தலைவரை நினைவூட்டுகிறது. விதியை அனுபவித்தோரை நினைவூட்டவில்லை. வீழ்ந்துபட்ட ஓர் அரசின் குற்றத்தை முற்றத்தில் எழுதுவதற்குப் பெருந்துணிவு தேவையில்லை. வாழுகின்ற அரசு தன் கையால் நேர்ந்ததை எழுதுவதற்கே துணிவு தேவை. சுவரிலே தன் விருப்பத்தைத் தீட்டிய பழைய அரசை எள்ளும் உரிமை, தன் பெயர்ப்பலகையையும் அதே கண்ணோடு நோக்குவோருக்கே உண்டு.

இதனாற் புதுப்பித்தோரின் பணி வீணென்று கூறுவதற்கில்லை. இடித்திருந்தால் 1938 நவம்பரின் மேசையும், ஷூல்ற்ஸ-போய்சன் நடந்த வழியும், செல்பமன் ஏறிநின்ற வாயிலும் ஒருசேர மறைந்திருக்கும். வெறுநிலத்தில் எழுந்த கண்ணாடிக் கோபுரம் எவரையும் எதையும் கேட்டிராது. கல்லைக் காத்தவர்கள் கேள்வியையும் காத்தனர். அக்கேள்வியை இன்றைய நாள் வரையில் நீட்டுவதே எஞ்சிய வேலை. அது கொத்தனாருக்கோ பொறியியலாளருக்கோ உரிய வேலையன்று. காரியாலயத்தின் வாயிலில் வரிசையில் நிற்போரின் பக்கம் நின்று எழுதுவோர்க்கும் வரைவோர்க்கும் உரிய வேலை அது. லைப்சிக் வீதியின் முற்றத்தில் இன்னொரு கண்ணாடிக்கு இடம் இருக்கிறது.